வளைந்த ஐபேடும் எரிந்த போனும்: அண்ணனுக்கும் கொழுந்தனாருக்கும் நடுவே ஒரு டேப்லெட்

பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலூரில் நர்சிங் சேரப் போகிறாள். பாடம் படிக்கவும் குறிப்பு எழுதவும் ஒரு டேப்லெட் வேண்டும். தாய்மாமன் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார், ஆனால் ஐபேட் தவிர வேறு எதுவும் கூடாதாம். கொழுந்தனாரோ சாம்சங் தவிர எதையும் தொடக் கூடாது என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொழுந்தனார் வளைந்துபோன ஐபேடின் வீடியோவைப் போட, அண்ணன் தீப்பிடித்த சாம்சங் போனின் படத்தைப் போட, வார்த்தை முற்றி இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. “யார் சொல்வது பொய் அண்ணா? எதை நம்பி வாங்குவது? வாங்கிய பிறகு குறை வந்தால் எங்கே போய் நிற்பது?” இதுதான் அவர் கேள்வி.

யாரும் பொய் சொல்லவில்லை, தங்கச்சி. வளைந்த ஐபேடும் உண்மை, எரிந்த போனும் உண்மை. ஆனால் இரண்டும் பாதிக் கதைகள். மீதியையும் சேர்த்துக் கேட்டால் உங்கள் மகளின் டேப்லெட்டுக்கும் அவற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பது புரிந்துவிடும்.

எரிந்தது 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த கேலக்ஸி நோட் 7 என்ற போன். செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். வேறொரு நிறுவனம் தயாரித்த பேட்டரியைப் போட்டு மாற்றுப் போன் கொடுத்தார்கள். அதுவும் எரிந்தது. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் சாம்சங் காரணத்தை வெளியிட்டது: முதல் பேட்டரியில் ஒரு மூலையில் எதிர்மின் தகடு நசுங்கி வளைந்திருந்தது, இரண்டாவது பேட்டரியில் பற்றவைத்த இடத்தில் எழும்பிய பிசிறு உள்ளே துளைத்தது. ஒரே போனில் இரண்டு பேட்டரிகள், இரண்டு வெவ்வேறு பழுதுகள். அந்தப் போனுக்கும் இன்று கடையில் இருக்கும் சாம்சங் டேப்லெட்டுக்கும் பொதுவாக இருப்பது பெயர் ஒன்றுதான்.

வளைந்தது 2018 நவம்பரில் வந்த ஐபேட் புரோ. தடிமன் 5.9 மில்லிமீட்டர். பெட்டியைப் பிரித்தபோதே சிலருக்கு லேசான வளைவு தெரிந்தது. 400 மைக்ரான் வரை, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, சமதளத்திலிருந்து விலகியிருப்பது தங்கள் தர அளவுக்கு உட்பட்டதே என்று ஆப்பிள் பதில் சொன்னது. இதற்கிடையே யூடியூபில் ஒருவர் அதே மாடலைக் கையால் மடக்கி உடைத்துக் காட்டினார். வாங்கும்போதே வளைந்திருந்தது என்பது ஒரு புகார். பலம் கொடுத்து மடக்கினால் உடைகிறது என்பது இன்னொன்று. முதலாவது தொழிற்சாலையின் பொறுப்பு; இரண்டாவது, மெலிதாகச் செய்த எந்தப் பொருளுக்கும் உள்ள பலவீனம். சண்டை போட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். உங்கள் கொழுந்தனார் அனுப்பியது எனக்குத் தெரிந்தவரை இரண்டாவது வகையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதுதான் அதிகம் பரவியது. அந்த வீடியோவிலிருந்து உங்கள் மகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. காலையில் குடியாத்தம் வழியாக வரும் பஸ்ஸில், தடித்த உடற்கூறியல் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே பையில் திணித்தால் எந்தக் கம்பெனி டேப்லெட்டும் வளையும். விறைப்பான உறை வாங்க வேண்டும்.

ஒரு குறையைப் பற்றிக் கேள்விப்பட்டால் எந்த மாடல், எந்த ஆண்டு, எத்தனை பேருக்கு வந்தது, வந்த பிறகு நிறுவனம் என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. பழுதானவர் எழுதுவார்; ஒழுங்காக ஓடுகிறவர் எதற்காக எழுதப் போகிறார்? ஒரே பழுதைப் பற்றி நூறு வீடியோ வந்தாலும் விற்றது எத்தனை லட்சம் என்பது தெரியாமல் அது அதிகமா குறைவா என்று சொல்ல வழியில்லை. நன்றாக விற்கும் பொருளுக்குப் புகாரும் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஆனால் நான்காவது கேள்விக்கு எப்போதும் விடை கிடைக்கும். எனக்கு அதுதான் முக்கியம். இந்தச் சண்டைகளைப் பார்க்கும்போது என் மனம் பதறுவதும் அந்த இடத்தில்தான். விளக்கமாகவே சொல்கிறேன்.

மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் புரோ 4 என்ற டேப்லெட் 2015 அக்டோபரில் வந்தது. விலை உயர்ந்த பொருள். சிறிது காலம் ஓடிய பிறகு, உள்ளே சூடேறும்போது சிலருக்குத் திரை துடிக்கத் தொடங்கியது. குளிர்ந்தால் சரியாகிவிடும், சூடானால் மறுபடி துடிக்கும். வேறு வழி தெரியாமல் டேப்லெட்டைக் குளிர்பெட்டிக்குள் சிறிது நேரம் வைத்து எடுத்து வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். இப்படிப் புகார் சொல்லும்போது நிறுவனம் பதில் சொல்வதற்கு முன் சக வாங்கியவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்: “எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது”, “மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடு”, “நீ எதிராளியின் ஆள்”. பாதிக்கப்பட்டவர்கள் விடவில்லை, ஒன்றுசேர்ந்து விவரம் திரட்டிக்கொண்டே இருந்தார்கள். 2018 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுது உண்மை என்று ஒப்புக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. வாரண்டி முடிந்தவர்களுக்கும் அதனால் வழி கிடைத்தது.

அந்த அறிவிப்பு வரும்வரை கைக்காசு போட்டு ரிப்பேர் செய்தவர்கள், பொருளைத் தூக்கிப் போட்டவர்கள், தன் தவறுதான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! ஒரு பொருளின் மேல் அபிமானம் வைப்பதில் தவறில்லை. ஆனால் பழுதானது என்று சொல்கிறவரின் வாயை அடைக்கும் அபிமானம், அதே பொருளைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களின் காசுக்கே உலை வைக்கிறது. நாளை தனக்கே அந்தப் பழுது வந்தால் அவரும் அந்த இலவச மாற்றத்தைத்தான் கேட்டு நிற்பார். யாரை விரட்டினாரோ அவர்கள் போராடி வாங்கிய மாற்றம் அது.

எல்லா முறையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 2021 செப்டம்பரில் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட் மினியில், நிமிர்த்திப் பிடித்து எழுத்துகளை மேலே தள்ளும்போது திரையின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருவதுபோல் தோன்றும். ஜெல்லி ஆடுவது போல் இருக்கிறது என்றார்கள். திரையின் கோடுகள் எல்லாம் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அந்த வரிசை பக்கவாட்டில் ஓடும்படி திரை பொருத்தப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எல்சிடி திரைக்கு இது இயல்பே என்று ஆப்பிள் சொல்லிவிட்டது, மாற்றித் தரவில்லை. சிலர் கண்ணுக்கு அது படவே படாது, சிலருக்குப் பார்த்தாலே தலை சுற்றும். இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருவர் கண்ணை இன்னொருவர் கண்ணால் அளக்க முயன்றதுதான் சண்டை.

ஆசுஸின் டிரான்ஸ்ஃபார்மர் பிரைம் டேப்லெட்டின் அலுமினிய முதுகு சமிக்ஞையைத் தடுத்ததால் அதில் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்கவில்லை. நிறுவனம் விவரப் பட்டியலிலிருந்தே ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டது. பிறகு, 2012-இல், வெளியே செருகும் ஒரு ஜிபிஎஸ் கருவியை வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. என்விடியா 2015 ஜூலையில் தன் ஷீல்டு டேப்லெட்டைப் பேட்டரி சூடேறும் ஆபத்துக்காகத் திரும்பப் பெற்றபோது பல்லாயிரக்கணக்கான டேப்லெட்டுகள் அதில் அடங்கின. திரும்பப் பெற்ற செய்தியைக் காட்டி “பார், இவன் யோக்கியதை” என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஆபத்து என்று தெரிந்ததும் தானே முன்வந்து அழைக்கிற நிறுவனத்தை, இயல்பே என்று சொல்லிக் கைகழுவுகிற நிறுவனத்தைவிட ஒரு படி மேலாகவே நினைக்கிறேன்.

உங்கள் அண்ணன் ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் சொல்வது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மேசையில் விரித்த ஒவ்வொரு தோலையும் அவர் தனித்தனியாகத் தடவிப் பார்க்கிறார்: உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு. மாசே இல்லாத தோல் அபூர்வம். எந்தக் குறை எந்த இடத்தில் இருக்கிறது, வெட்டி எடுத்தால் எவ்வளவு தேறும் என்பதைப் பார்த்துத்தான் தரம் போடுகிறார். தெரிந்த முதலாளி அனுப்பிய கட்டு என்பதற்காகக் கத்தி வெட்டைக் கண்டும் காணாமல் விட்டால் நாளைக்கு ஷூ கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். அந்தக் கையையும் கண்ணையும் டேப்லெட்டுக்கும் பயன்படுத்தச் சொல்லுங்கள். போதும்.

பிறகு ஏன் இவ்வளவு நல்ல மனிதர்கள் ஒரு கண்ணாடிப் பலகைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்? 1956-இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் வீட்டு உபயோகப் பொருள்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பிடச் சொன்னபோது, எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது. விட்ட பொருளின் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் மாறவில்லை. தேர்ந்தெடுத்ததால் மனம் மாறிவிட்டது. அடுத்த ஆண்டு லியோன் ஃபெஸ்டிங்கர் இதற்கு ஒரு விரிவான விளக்கத்தைப் புத்தகமாக எழுதினார்: நான் புத்தியுள்ளவன் என்ற எண்ணமும், நான் வாங்கியது பழுதுள்ளது என்ற செய்தியும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியாமல் உரசுகின்றன, அந்த உரசலைத் தணிக்க மனிதன் செய்தியைத் தள்ளிவிடுகிறான். இலவசமாகக் கிடைத்த பொருளுக்கே மனம் இப்படிச் சாய்கிறது என்றால், பன்னிரண்டு மாதத் தவணை கட்டி வாங்கியதற்கு எப்படிச் சாயும்! கஷ்டப்பட்டுக் கட்டுகிறவர்தான் அதிக உரத்து வாதாடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

உங்கள் வீட்டு விவகாரத்தில் இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அது ஐபேட் பற்றியதே இல்லை என்பது என் எண்ணம். தாய்மாமன் மருமகளுக்குப் படிப்புக்காக ஒன்று செய்கிறேன் என்று முன்வந்திருக்கிறார். அது நம் பக்கத்தில் சீர் மாதிரி. அந்த நேரத்தில் பெண்ணின் சித்தப்பா அதில் குறை காட்டினால், பொருளில் குறை என்று அவர் காதில் விழாது. தான் செய்வதில் குறை என்றே விழும். கொழுந்தனாரும் தன் அண்ணன் மகளுக்கு நல்லது சொல்ல நமக்கு இடமில்லையா என்று குமுறியிருப்பார். இதற்குத் தொழில்நுட்பத்தில் மருந்து கிடையாது. அண்ணனிடம் முதலில் “நீங்கள் வாங்கித் தருவது எங்களுக்குப் பெருமை” என்பதை நேரில் போய்ச் சொல்லுங்கள். எந்த மாடல் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். குழுவில் எழுத வேண்டாம்.

இனி என் தொழிலிலிருந்து சில விவரங்கள். வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாக் கம்பெனியின் உள்வயிறும் தெரியும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, சார்ஜ் ஏறவில்லை, இன்று இரவு ஊரில் இருக்கும் பிள்ளையோடு பேச வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். எந்தக் கம்பெனி உயர்ந்தது என்ற பேச்சே வராது. கம்பெனிக் குறை என்று சொல்லிக் கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதிக்கு வேறு காரணங்கள் இருப்பதை அந்த மேசையில் பார்க்கிறேன்.

முதல் காரணம் நம் ஊர் வெயில். ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிளே சொல்கிறது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது யாருக்கும் புதிதல்ல. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் மாலை வரை அனல் இறங்காது. அந்தச் சூட்டில், தடித்த ரப்பர் உறையோடு, தலையணை மேல் வைத்து, சார்ஜில் போட்டபடி வகுப்பு வீடியோ பார்த்தால் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி திரையை உள்ளிருந்து தள்ளும். ஓரத்தில் வெளிச்சம் கசியும், கண்ணாடி தூக்கிக்கொள்ளும். “இந்தக் கம்பெனி டிஸ்ப்ளே பிரிந்துவிடுகிறது” என்று கொண்டுவருவார்கள். எல்லாக் கம்பெனி பேட்டரியும் உப்புகிறது. உப்பியதை அழுத்தி மூடக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது; உடனே கடையில் கொடுத்து அந்தப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். முழு சார்ஜில், சூட்டில், நாள் கணக்காகச் செருகியே வைத்திருப்பதுதான் பேட்டரிக்குப் பெரிய கேடு. புதிய ஐபேட்களில் பலவற்றிலும் சாம்சங் டேப்லெட்டுகளிலும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. மே, ஜூனில் அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சார்ஜர். சார்ஜில் போட்டால் மட்டும் திரை தானாகவே அங்குமிங்கும் தொடப்படுவதுபோல் குதிக்கும், எழுதுகோல் கோடு நெளியும். கழற்றினால் சரியாகிவிடும். இது பெரும்பாலும் மலிவான சார்ஜரின் மின் இரைச்சல். தொடுதிரை நம் விரலின் மிக நுண்ணிய மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்கிறது. சார்ஜர் வழியாக வரும் இரைச்சல் அதைக் குழப்பிவிடுகிறது. நல்ல சார்ஜரை மாற்றிப் போட்டுப் பார்க்காமல் டச் போய்விட்டது என்று காம்போ, அதாவது டச்சும் திரையும் சேர்ந்த முழுப் பாகம், மாற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களும் சிலர் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

உலோக உடம்புள்ள டேப்லெட் சார்ஜில் இருக்கும்போது கையில் மெலிதாகச் சுர்ரென்று உணர்வது இன்னொன்று. ஷாக் அடிக்கிறது, ஆபத்தான கம்பெனி என்று பரப்புவார்கள். இரண்டு முனை சார்ஜருக்குள் இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய மின்கசிவு உலோக உடம்புக்கு வரும். எர்த் இருக்கும் வீட்டில், மூன்று முனையுள்ள நல்ல சார்ஜரில் இந்த உணர்வு போய்விடும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கும். எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். அதை எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்வது டேப்லெட்டைவிட முக்கியம். ஆனால் பெயர் தெரியாத சார்ஜரில் சுர்ரென்றால் அதை உடனே தூக்கிப் போடுங்கள், அதில் இந்த விளக்கம் செல்லாது.

குறை என்று ஊர் சொல்வது சிலருக்கு வரமாகவும் இருக்கும். விலை குறைந்த அடிப்படை ஐபேடில் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கும் எல்சிடியும் ஒட்டப்படாமல் நடுவே மெல்லிய இடைவெளியோடு இருக்கும். எழுதும்போது டக்டக்கென்று சத்தம் வருகிறது, எழுத்து சற்று ஆழத்தில் தெரிகிறது என்று விமர்சகர்கள் அதைக் குறையாகவே எழுதுவார்கள். அது உண்மைதான். ஆனால் கீழே விழுந்து கண்ணாடி மட்டும் உடைந்தால், அந்தக் கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாம். ஒட்டிய திரையுள்ள விலையுயர்ந்த மாடலில் விரிசல் ஒன்று விழுந்தாலும் முழு காம்போவையும் மாற்ற வேண்டும். செலவு பல மடங்கு. ஓவியம் வரைகிறவருக்கு அந்த இடைவெளி பெருங்குறை. ஹாஸ்டல் கட்டிலிலிருந்து டேப்லெட்டைத் தவறவிடப் போகும் முதலாண்டு மாணவிக்கு அது பாதுகாப்பு. விமர்சனம் எழுதுகிறவருக்கு அந்த மாணவியைத் தெரியாது.

எத்தனை ஆண்டு ஓடும் என்பதும் கம்பெனிச் சண்டையில் அடிபடும். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-க்கு 2021-இல் வந்த ஐபேடுஓஎஸ் 15 என்ற மென்பொருள் பதிப்பு வரை கிடைத்தது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறது. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இரண்டுமே போதும். ஆனால் புதுப் பதிப்பு வந்தாலே நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2012-இல் வந்த கூகுளின் நெக்சஸ் 7, ஆண்ட்ராய்டின் லாலிபாப் பதிப்பை ஏற்றிய பிறகு பலர் கையில் நகரவே மறுத்தது. சேமிப்புச் சில்லு மெதுவானதாகவும் நிரம்பியும் இருந்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே இடம் அதிகமுள்ளதாக, குறைந்தது 128 ஜிபி, வாங்குங்கள். பெயரே கேள்விப்படாத மலிவு டேப்லெட்டுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்குத் திருத்தமும் வராது, உடைந்தால் எனக்குப் பாகமும் கிடைக்காது.

என்ன வாங்குவது என்று நேராகக் கேட்டால்: அண்ணன் தருகிறேன் என்கிறபோது அடிப்படை ஐபேடையே வாங்குங்கள். எழுதுகோலுக்குத் தனியாகக் காசு ஆகும் என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்; கடையில் போய் நிற்கும்போது அவருக்குச் சங்கடம் வரக் கூடாது. அந்தச் செலவு அதிகம் என்று பட்டால், எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும் சாம்சங் மாடல் எதுவும் அவளுக்குக் குறையில்லாமல் உதவும். அந்தப் பேனாவால் எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்யவும் வேண்டியதில்லை. ஐபேட் புரோ வேண்டவே வேண்டாம். மருந்தளவுக் கணக்கும் குறிப்பும் எழுதுவதற்கு அது தேவையில்லை. வாங்குவதற்கு முன் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் வேலூரிலேயே இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு பழுதுக்கும் சென்னைக்கு அனுப்புவார்களா என்று போன் செய்து கேளுங்கள். எனக்கு இது பாதி முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி.

வாங்கிய முதல் வாரத்தில் உறை போடுவதற்கு முன் மேசை மேல் கவிழ்த்து வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் கறுப்புப் படம் ஒன்றை முழுத்திரையில் வைத்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களில் அணைந்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும்போது மூலை வெளுப்பது ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைத் திரையின் இயல்பு. நேராகப் பார்க்கும்போதும் ஒரே இடத்தில் திட்டாகத் தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

குறை வந்தால் எங்கே போவது என்று கேட்டீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சிட்டிருந்தால் பயந்துவிடாதீர்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெறுவதற்குப் பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகமே. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது 2020-இன் மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அதில் பதிவு செய்யுங்கள், நிறுவனங்கள் பல அந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடும்.

அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முன்பெல்லாம் கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டுமோ என்ற பயம் இருந்தது. இப்போது நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூரிலேயே, கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் வேலைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் சொன்ன குறையை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். “பரிசோதனைக்காக” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பழுது தெரியும் நேரத்தில் வேறொரு போனில் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் சூட்டில் வரும் பழுது ஏசி அறையில் இருக்கும் சர்வீஸ் மேசையில் வராது.

அண்ணன் காசு கொடுத்து வாங்குவதால் பில் அவர் பெயரில் இருக்கும், பயன்படுத்தப் போவது மகள். இதில் சிக்கல் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான், அவளே புகார் கொடுக்கலாம். பில்லைப் படம் எடுத்து அண்ணன், நீங்கள், மகள், கொழுந்தனார் நால்வர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஓராண்டுக்குள் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விடும்.